யாரைப் பார்க்கணும்?

நல்ல சங்கீதம் கேட்க நல்ல குலத்தில் பிறந்திருக்க வேண்டுமா? "இந்தக் காலத்தில் என்ன கேள்வி இது!" என்கிறீர்கள். சரி, வேறு மாதிரி கேட்கிறேன். கடைசியாக நீங்கள் போன கச்சேரியில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எந்தப் பேட்டையிலிருந்து வந்தவர்? வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரையாவது அந்த அரங்கில் பார்த்தீர்களா? மைக் வயரை இழுத்துப் போட வந்தவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாட்டுக் கேட்க வந்தவரைச் சொல்லுங்கள்.

யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாசர்பாடியில் ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. அங்கே நான் சமூக அறிவியல் எடுக்கிறேன். வருகிறவர்கள் பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்கள். பகலில் பட்டறை, செல்போன் கடை, துணிக்கடை, வீட்டு வேலை. பொழுது சாய்ந்ததும் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கான பாடம். போன மார்கழி சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இவர்களை மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போகலாம் என்று தீர்மானித்தோம். டிக்கெட் கிடையாது, அனைவரும் வருக என்று அச்சடித்திருந்தார்கள்.

கணக்கு எடுக்கும் நண்பர் முகத்தைச் சுளித்தார். இயற்கணிதம் பாதியில் நிற்கிறது, பாட்டுக் கேட்டால் மார்க் வருமா? ஒரு தாய் வந்து, பெண்ணுக்குப் புடவை கட்டிவிட வேண்டுமா, சுடிதாரே போதுமா என்று ஒதுக்குப்புறமாக விசாரித்துவிட்டுப் போனார். பகுத்தறிவுத் தோழர் ஒருவர் தொலைபேசியிலேயே சண்டைக்கு வந்தார்: "ராமா ராமான்னு ரெண்டு மணி நேரம் உருகறதைக் கேக்கவா நம்ம பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற?" தோழரைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். இவர்களில் யாரும் கேட்காததை வெல்டிங் வேலை செய்யும் பையன் கேட்டான்.

"உள்ள வுடுவாங்களா சார்?"

இந்தக் கேள்வியை எந்த வாசலிலாவது நீங்கள் கேட்டதுண்டா? சினிமா தியேட்டரில் அவன் கேட்பதில்லை. கடற்கரையில் கேட்பதில்லை. சட்டத்தைப் பார்த்தால் 1950 ஜனவரி 26ஆம் தேதியே அவனுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. பொதுக் கேளிக்கை இடங்களுக்குள் நுழைவதைச் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவிக்கிறது 17ஆவது பிரிவு. எந்தச் சபா வாசலிலும் 'இன்னார் வரக்கூடாது' என்று பலகை இல்லை. பிறகு ஏன் கேட்கிறான்? பூட்டாத கதவின் முன்னால் ஒருவன் தானாகவே நின்றுவிடுகிறான் என்றால், அந்தக் கதவை வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு லாபம்! காவல்காரர் சம்பளம் மிச்சம். கெட்ட பெயரும் மிச்சம். "நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே, அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று கைகழுவிக்கொள்ளவும் வசதி.

பெரம்பூரில் 29 சி பஸ் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு 2021 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு அது. எந்தச் சாமியும் மனமிரங்கித் தந்ததல்ல. மனிதர்கள் கேட்டார்கள், மனிதர்கள் கணக்குப் போட்டார்கள், ஓர் அரசு கையெழுத்துப் போட்டது. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் எங்கள் வகுப்புப் பெண்களில் சிலர் அன்று வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஊர் சுற்ற ஒரு பெண் பிள்ளைக்குக் காசு தருவதற்கு முன் எந்த வீடும் இரண்டு தரம் யோசிக்கும்.

புரசைவாக்கம் தாண்டும்வரை பஸ்ஸில் ஒரே கூத்து. நுங்கம்பாக்கம் வந்ததும் குரல்கள் தணிந்தன. ஜெமினி மேம்பாலத்தில் எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள். லஸ்ஸில் இறங்கும்போது யாரும் பேசவில்லை. ஒருவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். ஒரே ஊர், ஒரே மாநகராட்சி. பேட்டை மாறினால் குரல் ஏன் இறங்க வேண்டும்? மயிலாப்பூரிலிருந்து பெரம்பூருக்கு யாராவது பஸ் ஏறினால் புரசைவாக்கத்தில் அவர் குரல் இறங்குமா?

பஸ்ஸில் அவர்களுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், அது அவர்களுடைய சொத்துப் பத்திரம் மாதிரியானது.

மணலி என்றதும் இந்தப் பிள்ளைகளுக்கு நினைவு வருவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, மூக்கைப் பொத்த வைக்கும் காற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அதே மணலியில்தான் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் ராமசுவாமி தீட்சிதரை அழைத்துவந்து ஆதரித்தார். தீட்சிதரின் மகன்களில் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவராக இன்று படம் மாட்டி மாலை போடுகிறார்களே, அவர்தான். இன்னொரு மகன் பாலுசுவாமி தீட்சிதர். வெள்ளைக்காரனின் வாத்தியமான பிடிலை அவர் அங்கே இருந்த காலத்தில்தான் கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரைச் சொல்கிறார்கள். ஆதி அந்தம் இல்லாத மரபு என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்த மேடையிலேயே பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியம் கப்பலில் வந்திறங்கியது. அதில் அவமானம் என்ன இருக்கிறது? மனிதர்கள் நல்லதைக் கண்டால் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டதை மறைப்பதுதான் அசிங்கம்.

மும்மூர்த்திகளில் இன்னொருவரான தியாகராசர் சென்னை வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டில் வாசிப்பார். பெரிய வித்வான்களெல்லாம் அங்கே போய் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த வீடும் ஜார்ஜ் டவுனில்தான். பெங்களூர் நாகரத்தினம்மாள் சென்னையில் குடியிருந்ததும் அங்கேதான். வியாசர்பாடியிலிருந்து பேசின் பாலத்தைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். பிறகு வக்கீல்களும் டாக்டர்களும் அதிகாரிகளும் தெற்கே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இசையும் மூட்டை முடிச்சோடு அவர்கள் பின்னால் போயிற்று. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு. அதை ஒட்டி ஓர் இசை மாநாடு. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி. இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையும் ஏறக்குறைய அந்தத் தலைமுறையின் ஏற்பாடுதான். வர்ணத்தில் தொடங்கி, கிருதிகள், நடுவே பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், துக்கடா என்ற வரிசைக்கு உரு கொடுத்தவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்வார்கள். கயிலாயத்திலிருந்து யாரும் நிகழ்ச்சி நிரல் அனுப்பவில்லை. சபா என்பது சந்தா கட்டும் மனிதர்கள் கூடி நடத்தும் சங்கம். மனிதர்கள் வைத்த விதியை மனிதர்கள் மாற்றலாம் அல்லவா?

சபா வாசலில் சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, வெள்ளை வேட்டி. வழிவிட்டார். எனக்குப் பின்னால் வந்த வெல்டிங் பையனிடம் கேட்டார், கனிவாகத்தான் கேட்டார்:

"யாரைப் பார்க்கணும்?"

கச்சேரிக்கு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஓட்டுநரைத் தேடி வந்திருக்கலாம், கேன்டீன்காரரைத் தேடி வந்திருக்கலாம், பாட்டுக் கேட்க மட்டும் நீ வந்திருக்க முடியாது என்று அந்தக் கனிவு முடிவுகட்டிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவார், ஏழை மாணவனுக்கு ரகசியமாகப் பரீட்சைக் கட்டணம் கட்டுவார். கெட்டவர்கள் மட்டும் செய்கிற அநியாயமாக இருந்தால் இதை என்றைக்கோ ஒழித்திருக்கலாம். நல்லவர்களின் கண்ணிலேயே சல்லடை இருக்கிறது. யாரைப் பார்த்தால் ரசிகர், யாரைப் பார்த்தால் வேலையாள் என்று சலித்துத் தள்ள அதற்கு ஒரு நொடி போதும்.

"பாட்டு கேக்க வந்தோம்" என்றான் பையன். அவர் சங்கடப்பட்டு விலகினார். அந்தச் சங்கடத்தை நான் மதிக்கிறேன். மாறத் தெரிந்த மனிதனுக்குத்தான் சங்கடம் வரும்.

உள்ளே நாற்காலிகளில் ஆள் குறைவு. ஆனால் இடமும் இல்லை. ஒன்றில் கைப்பை, ஒன்றில் துண்டு, ஒன்றில் தண்ணீர் பாட்டில். "ஆள் வராங்க" என்றார் ஓர் அம்மையார். மங்களம் பாடும்வரை அந்த ஆள் வரவில்லை. எங்கள் பெண்களில் சிலர் பின்சுவரில் சாய்ந்து நின்றே கேட்டார்கள். வாரம் முழுக்க நின்று வேலை செய்யும் கால்கள் அவை.

பாடியவர் ஓர் இளம்பெண். கல்யாணியில் ஆலாபனை எடுத்தார். சொல்லே இல்லாமல் குரல் ஏறி, நின்று, திரும்பி, எதையோ தேடுவதுபோல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் தூங்கினார்கள். அதனால் என்ன? முன்வரிசையில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களைப் பார்த்து "இந்த ஜாதிக்கு இசை ஏறாது" என்று யாரும் சொல்லவில்லையே? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எங்கள் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. சாவு வீட்டில் கானாவுக்கு விடிய விடிய டோலக் அடிக்கிற ஒரு பையன் தொடையில் கணக்குப் போட ஆரம்பித்தான். முதல் சுற்றில் தப்பினான், அடுத்ததில் பிடித்துவிட்டான். கோர்வை முடிந்து சமத்துக்கு வந்து விழுந்தபோது அவன் கையும் அங்கேயே விழுந்தது. யாரும் அவனுக்கு ஆதி தாளம் சொல்லித் தந்ததில்லை.

வெளியே வந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "அது என்ன தோலு சார்?" அவளுடைய மாமா பெரியமேட்டில் தோல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவளுக்கு அந்தக் கேள்வி வராமல் வேறு யாருக்கு வரும்?

சொன்னேன். மிருதங்கத்தின் கட்டை பலா மரம். முகங்களில் பசுத்தோல், ஆட்டுத்தோல். இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். தோலைத் தேர்ந்தெடுத்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, காயவைத்து, அளவு பார்த்து வெட்டி, பிறகு வலந்தலையில் கல்பொடியும் சோறும் கலந்த கரணையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து நாதத்தை வரவழைக்க வேண்டும். தோல் ஒரு மயிரிழை தடித்தாலும் சுருதி சேராது. அதைக் காதால் அறிந்து செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூரிலிருந்து தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிற குடும்பங்கள். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பை உலகம் கொண்டாடியது. அவருக்காக மிருதங்கம் செய்து செய்து, அவர் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவந்த பர்லாந்தின் பெயரை எத்தனை ரசிகர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? இந்தக் கைகளைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, 2020இல் நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னால் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோல் மேடைக்கு வரலாம். அது யார் கையிலிருந்து வந்தது என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது.

மிருதங்கத்தைத் தேவ வாத்தியம் என்கிறார்கள். தேவர்களா மாட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள்? நந்தியா கரணை தேய்த்தது? இது வெறும் பக்திப் பேச்சு, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் இருக்கிறது. கலையை வானத்திலிருந்து இறக்கிவிட்டால் பூமியில் அதைச் செய்தவனுக்குக் கூலியும் பெயரும் தரவேண்டிய கடமை காணாமல் போய்விடுகிறது. கடவுளுக்குப் பாக்கி வைத்தவன் மனிதனுக்குப் பாக்கி வைத்ததை மறந்துவிடலாம்.

திருவையாற்றுக்கு வாருங்கள். தியாகராசர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. தன் சம்பாத்தியத்தைப் போட்டு நிலம் வாங்கி, அங்கே கோயில் கட்டியவர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் வந்த பெண். 1926இல் குடமுழுக்கு. அந்தச் சன்னிதியில் நடக்கும் ஆராதனையில் பாட அவருக்கு அனுமதி இல்லை, பெண் என்பதால். கட்டியவருக்கே பாட இடமில்லை! அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதிக்குப் பின்புறம் தனியாக ஆராதனை நடத்தினார். 1940ஐ ஒட்டித்தான் எல்லாத் தரப்பும் ஒன்றாகிப் பெண்களும் பாட வழி பிறந்தது. ராமன் வந்தா கதவைத் திறந்தான்? பல ஆண்டுகள் விட்டுக்கொடுக்காமல் நின்ற ஒரு பெண்ணின் பிடிவாதம் திறந்தது. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மாட்டோம் என்ற பெரிய வித்வான்களும் இருந்தார்கள், பரம பக்தர்கள் அவர்கள். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1968 ஆயிற்று, அதுவும் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. வீணை தனம்மாள் அந்தப் பட்டம் பெறாமலே போய்ச் சேர்ந்தார்.

"சங்கீதம் மனத்தைத் தூய்மைப்படுத்தும், நல்ல காரியம் செய்தீர்கள், இந்தப் பிள்ளைகள் பண்படுவார்கள்" என்று கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். பாராட்டுத்தான். ஆனால் இசை மனிதனைப் பண்படுத்தும் என்பதற்கு என்ன ஆதாரம்? அப்படிப் பண்படுத்துமானால் அதில் ஊறியவர்கள் அல்லவா முதலில் பண்பட்டிருக்க வேண்டும்? 2018 அக்டோபரில் பெண்கள் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தபோது, பாலியல் தொல்லைப் புகாருக்கு ஆளான கலைஞர்கள் சிலரை அந்த ஆண்டு சீசனிலிருந்து மியூசிக் அகாடமியே நீக்கி வைக்க வேண்டி வந்தது. ராகம் யாரையும் நல்லவனாக்காது, கெட்டவனாகவும் ஆக்காது. எங்கள் பிள்ளைகள் பண்படுவதற்காக அங்கே போகவில்லை. ஐந்து வயதில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்களுக்குப் பண்பாடு சொல்லித்தர ஆலாபனை எதற்கு? அழகான ஒன்று தங்கள் ஊரில் நடக்கிறது, அதைக் கேட்க வேண்டும் என்று போனார்கள். நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அதற்காக.

இப்போது என் பகுத்தறிவுத் தோழருக்கு வருகிறேன். தோழா, உன் கோபம் நியாயமானது. உன் முடிவு சோம்பேறித்தனமானது. கல்யாணி ராகத்துக்கு எந்தச் சாமி சொந்தம்? ஆலாபனையில் எந்த ராமன் இருக்கிறான்? ஏழு சுரத்தை இழைத்துத் திரிக்கிற மனித மூளையின் வேலை அது. கணிதத்தை ரசிக்கிறாய், கட்டடக் கலையை ரசிக்கிறாய். தஞ்சைப் பெரிய கோயிலின் முன்னால் நின்று கல்தச்சனைப் புகழ்கிறாய். பாட்டில் மட்டும் தச்சனை மறந்து சாமியைப் பார்க்கிறாயே, ஏன்? 'இது அவாள் சொத்து' என்று சொல்கிறவர்களும் நீயும் ஒரே பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

வரலாறு உன் பக்கம் இருக்கும்போது ஏன் இந்த அவசரத் தானம்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழும் குழலும் முழவும் வாசிப்போரின் இலக்கணத்தைச் சொன்ன இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்கிறது மரபு. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர், சித்த வைத்தியர். அகாடமி பிறப்பதற்கு முன்பே, 1912இலிருந்து, தஞ்சாவூரில் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தியவர். முனிசீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை எல்லாச் சமயத்தாரும் பாடும்படி கீர்த்தனை எழுதினார். நாதசுவரத்தில் ஷேக் சின்ன மௌலானாவை மிஞ்சக் கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். இவர்களையெல்லாம் யார் கணக்கில் எழுதப் போகிறாய்?

உன் இயக்கத்தின் கதையையே மறந்துவிட்டாய். செட்டிநாட்டில் ஒரு திருமண ஊர்வலம். நாதசுவரம் வாசித்தவர் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். பெரிய மனிதர்கள் இருக்கும் இடத்தில் மேளக்காரன் துண்டு போடலாமா, எடு என்றார்கள். உடன் இருந்த பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்காதே என்றார். சுயமரியாதைக்காரர்கள் அந்த இடத்தில் இசையைப் பழிக்கவில்லை; இசைக்காரனின் தோளில் துண்டு இருக்கட்டும் என்று நின்றார்கள். பின்னாளில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று தலைநிமிர்ந்து சொன்னதும் அதே மான உணர்ச்சிதான். தமிழிசை இயக்கம் கிளம்பி 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது பெரியார் ஆதரித்தார். ஆதரித்துவிட்டு, தமிழில் பாடினால் மட்டும் போதுமா, தமிழிலும் சாமியைத்தானே பாடுகிறீர்கள் என்று இடித்தும் கேட்டார். கேள்வி கேட்பது அப்படி: உள்ளே நின்று கேட்பது. 2023இல் வைக்கம் போராட்ட நூற்றாண்டை ஒட்டிப் பெரியாரைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய பாட்டைக் கிருஷ்ணா பாடினார். மறு ஆண்டு அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டதும், பெரியாரைப் போற்றியவர் தலைமையில் நடக்கும் சீசனில் பாட மாட்டோம் என்று சில பிரபலங்கள் விலகினார்கள். ஒரு பாட்டு அவர்களை அவ்வளவு உறுத்தியிருக்கிறது. வெளியே நின்று நீ போடும் எந்தக் கூச்சலும் அவ்வளவு உறுத்தியதில்லை.

சபாக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் மயிலாப்பூர் வந்து கல்யாணி கேட்டார்கள். நீங்கள் வியாசர்பாடிக்கு வந்து கானா கேட்டதுண்டா? ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் ஒரு விழா தொடங்கியது. மீனவர் குடியிருப்பில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஏறின. நல்ல காரியம். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தியபோது கானா எப்பேர்ப்பட்ட இசை என்று ஊர் பார்த்தது. இதிலிருந்து சபாக்கள் என்ன எடுத்துக்கொண்டன? கானா பாடகர் ஒருவரைத் தனி உருப்படியாக அழைத்து ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்கும் தைரியம் எத்தனை காரியதரிசிகளுக்கு உண்டு? சாவு வீட்டில் பாடுவது தாழ்வு என்றால், சாகாத வீடு எது என்று காட்டுங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் பெயர்க்கும் வேலையில்லை. வாசலில் நிற்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள்: வருகிறவர் யாராக இருந்தாலும் "வாங்க" என்ற ஒரு சொல் போதும். மேடையில் பக்கவாத்தியக்காரர் பெயரைச் சொல்லும்போது அந்த வாத்தியத்தைச் செய்தவர் பெயரையும் சொல்லுங்கள், அரை நிமிடம் ஆகாது. மாணவர்கள் வந்தால் மேடை ஏற்றிப் புகைப்படம் எடுத்து 'பின்தங்கிய பகுதி மாணவர்கள்' என்று தலைப்புப் போடாதீர்கள். கேட்க வந்தவர்களைக் கேட்க விடுங்கள். அரசுக்கும் வேலை இருக்கிறது. பல மாவட்டங்களில் இசைப் பள்ளி நடத்துவதாகப் பெருமைப்படும் அரசு, வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பாட்டு வாத்தியார் எங்கே என்பதற்கும் பதில் சொல்லட்டும். நீங்களும் உங்கள் தெருப் பள்ளியில் போய்க் கேளுங்கள். வரி கட்டுகிறவர் கேட்டால் பதில் வரும்.

இந்த மார்கழியிலும் எங்கள் வகுப்பு கிளம்புகிறது. டோலக் அடிக்கும் பையன் மிருதங்கக்காரருக்கு நேர் எதிரே இடம் வேண்டும் என்கிறான். தோல் பற்றிக் கேட்ட பெண், மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். நீங்களும் அங்கே வருவீர்கள் என்று நினைக்கிறேன். வந்தால், பக்கத்து நாற்காலியில் வைத்திருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்துவிட்டது.